முப்பதுக்கு நாற்பது மனையில் ஜெனரேட்டருக்கு இடமில்லை

மைசூருவில் ஏப்ரல், மே மாதங்களின் பிற்பகல் மழை பெரும்பாலும் காற்றையும் உடன் அழைத்து வருகிறது. குவெம்புநகரிலோ சரஸ்வதிபுரத்திலோ ஒரு மரக்கிளை முறிந்து மின்கம்பியின் மேல் சாய்கிறது. 'கரெண்ட் ஹோய்து' என்ற குரல் தெருவின் இரு பக்கமும் எழுகிறது. சிறிது நேரத்தில் எங்கோ ஒரு வீட்டில் ஜெனரேட்டரின் கயிற்றை இழுக்கும் ஓசையும், அதைத் தொடர்ந்து ஓயாத இரைச்சலும் கேட்கின்றன. அந்த இரைச்சல் வசதியின் அடையாளமாகவே கொள்ளப்படுகிறது. ஜெனரேட்டர் வாங்கச் செல்வோர் கடையில் கேட்கும் கேள்விகளும் வசதி குறித்தவையே. எத்தனை கேவிஏ? ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எவ்வளவு நேரம் ஓடும்? பிரிட்ஜ் ஓடுமா? மோட்டாரை எடுக்குமா? அந்த இயந்திரத்தை வீட்டில் எங்கே வைப்பது, அதை வீட்டின் வயரிங்கோடு எப்படி இணைப்பது என்ற இரு கேள்விகள் மட்டும் பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. உயிரோடு தொடர்புடையவை அவ்விரண்டுமே. முதல் கேள்விக்கு மைசூருவின் சாதாரண மனைகளில் நல்ல விடை கிடையாது; இரண்டாவதற்கு விடை மலிவாகவே கிடைக்கிறது, ஆனால் அதை எவரும் கட்டாயப்படுத்துவதில்லை.

மின்தடையின் தன்மையை முதலில் நோக்க வேண்டும். சிவனசமுத்திரத்தில் காவிரியின் வீழ்ச்சியிலிருந்து எடுத்த மின்சாரத்தை ஏறத்தாழ 148 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கவயலுக்கு 1902இலேயே கொண்டு சென்ற பெருமை பழைய மைசூர் அரசுக்கு உண்டு. மழை பொய்த்த 2023ஆம் ஆண்டின் அக்டோபரில் நேர்ந்ததுபோல் மாநிலம் முழுவதும் மின்சாரமே போதாமற்போகும் காலங்களும் உண்டு. எனினும் மழைக்காலத்தில் ஒரு தெரு இருளில் மூழ்குவதற்குக் காரணம் தொலைவிலுள்ள அணையோ அனல்மின் நிலையமோ அன்று. கடைசி ஐந்நூறு மீட்டரில் நிகழும் ஒரு பழுதுதான். ஒரு கிளை, ஓர் இன்சுலேட்டர், ஓர் எரிந்த ஃபியூஸ். அதாவது, ஜெனரேட்டர் ஓடும் அதே நேரத்தில், அதே தெருவில், அதே கம்பியில் ஒரு மனிதர் கை வைத்து வேலை செய்துகொண்டிருப்பார். இதை நினைவில் இருத்திக்கொண்டால் இரண்டாவது கேள்வியின் கனம் தெளிவாகும். அதற்கு முன் புகை.

பெட்ரோல் ஜெனரேட்டரின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் இணைகிறது. விழித்திருப்பவருக்குத் தலைவலியும் குமட்டலும் தோன்றும். அவர் அதை அலைச்சலின் விளைவு என்று எண்ணிப் படுக்கச் செல்வார். உறங்குபவருக்கு அந்த எச்சரிக்கையும் கிடையாது. அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் கணக்கிடும் அளவில், ஒரு சிறு கைஜெனரேட்டர் வெளியிடும் கார்பன் மோனாக்சைடு பல நூறு மோட்டார் கார்கள் வெளியிடும் அளவுக்குச் சமம். அந்நாட்டுச் சூறாவளிகளுக்குப் பின் காற்றும் வெள்ளமும் விட்டுவைத்த குடும்பங்களை ஜெனரேட்டர் புகை கொன்ற செய்தி மீண்டும் மீண்டும் வருகிறது.

அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. மைசூருவிலிருந்து வயநாடு வழியாக மலையிறங்கினால் வருவது கோழிக்கோடு மாவட்டம். அங்கே வடகரையில், 2024 டிசம்பரில், சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்த ஒரு கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தனர். ஜெனரேட்டரை ஓடவிட்டு ஏ.சி. போட்டுக்கொண்டு வண்டிக்குள் உறங்கியவர்கள். ஜெனரேட்டர் புகையே உள்ளே புகுந்தது என்பதைக் கோழிக்கோடு என்.ஐ.டி. வல்லுநர்களும் சேர்ந்து நடத்திய சோதனை பின்னர் உறுதி செய்தது. கேரவன் என்பது சக்கரம் வைத்த ஓர் அறை. சன்னலைச் சாத்திக்கொண்டு உறங்கும் எந்தப் படுக்கையறையின் நிலையும் அதிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று.

மேற்சொன்ன ஆணையம் விதிக்கும் இடைவெளி குறைந்தது 20 அடி. வீட்டின் கதவு, சன்னல், காற்றுத்துளை எதிலிருந்தும் 20 அடி தள்ளி, புகைபோக்கி வீட்டுக்கு எதிர்த்திசையை நோக்கும்படி வைக்க வேண்டும் என்கிறது. இந்த அளவை மைசூருவின் மனைக்குள் கொண்டுவந்து பொருத்திப் பார்க்கலாம். இவ்வூரின் குடியிருப்புப் பகுதிகளில் மிகப் பரவலான மனையளவு முப்பதுக்கு நாற்பது அடி. அதில் வீடு எழும்பிய பின் பக்கவாட்டில் எஞ்சுவது ஓர் ஆள் நடந்து செல்லும் சந்து. அந்தச் சந்தில்தான் துணி துவைக்கும் கல்லும் எரிவாயு உருளையும் கழிவுநீர்க் குழாயும். ஜெனரேட்டர் வந்தால் அதுவும். அங்கிருந்து சொந்தப் படுக்கையறைச் சன்னல் மூன்றடியில் இருக்கிறது. சுற்றுச்சுவருக்கு அப்பால் அண்டை வீட்டுச் சன்னல் ஏழெட்டு அடியில் இருக்கிறது. முன்புறப் போர்டிகோவில் வைத்தால் கூடத்துக் கதவு அருகில். 20 அடி விதியை ஒழுங்காகக் கடைப்பிடிக்க விரும்பும் ஒருவர் இயந்திரத்தைத் தெருவின் நடுவில்தான் வைக்க நேரிடும். அங்கும் எதிர்வீட்டார் இருக்கிறார்கள்.

மொட்டைமாடி ஒரு விடைபோலத் தோன்றும். உண்மையில் சந்தைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் மாடிப்படிக் கதவு திறந்து கிடந்தால் படிக்கூடே புகை இறங்கும் வழியாகிவிடும். மழையில் நனையாதிருக்கத் தகரக் கொட்டகை போட்டு மூன்று பக்கமும் அடைத்துவிடுவோர் உண்டு. நனைவதைத் தடுத்துப் புகையைச் சேமிக்கும் ஏற்பாடு அது. இருளில், ஈரப் படியில், பெட்ரோல் கேனோடு ஏறுவது வேறு. சூடான என்ஜினில் பெட்ரோல் ஊற்றக் கூடாது, அணைத்து ஆறவிட்ட பின்பே ஊற்ற வேண்டும் என்ற எளிய விதி, தொலைக்காட்சியில் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது கடைப்பிடிக்கப்படுமா என்பது ஐயமே. அடுக்ககங்களில் நிலை இன்னும் மோசம். தனித்தனியாகச் சிறு ஜெனரேட்டர் வாங்கி பால்கனியில் வைப்போர், குளியலறைகளின் காற்றுக்குழியோடு மேல்தளங்கள் அனைத்துக்கும் அந்தப் புகையைப் பகிர்ந்தளிக்கிறார்கள்.

ஜெனரேட்டர்களுக்கான புகைக் கட்டுப்பாடுகள் 2023 ஜூலை 1 முதல் மேலும் கடுமையாக்கப்பட்டிருப்பதைச் சுட்டிச் சிலர் ஆறுதல் கொள்ளக்கூடும். அந்த அளவுகோல்கள் ஊரின் காற்றைக் காப்பதற்கானவை. ஒரு சந்தின் காற்றையோ மூடிய அறையின் காற்றையோ அவை கணக்கில் கொள்ளவில்லை. புதிய முத்திரை பெற்ற இயந்திரமும் மூடிய இடத்தில் கொல்லும்.

இனி இணைப்பு. ஜெனரேட்டரிலிருந்து ஒரு நீட்டிப்புப் பெட்டியை இழுத்து, அதில் பிரிட்ஜையும் இரண்டு விளக்கையும் மாட்டிக்கொள்வது அழகற்றது, ஆனால் பெரும்பாலும் தீங்கற்றது. வயர் தடித்ததாகவும் மழையில் நனையாததாகவும் இருந்தால் போதும். சிக்கல் அதற்கு அடுத்த கட்டத்தில் தொடங்குகிறது. வீடு முழுவதும் எரிய வேண்டும் என்ற ஆசையில், இரு முனையிலும் பிளக் மாட்டிய ஒரு வயரைத் தயாரித்து, ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறுமுனையைச் சுவர் சாக்கெட்டிலும் செருகிவிடுகிறார்கள். தெரிந்த எலக்ட்ரீஷியனே செய்து கொடுப்பதும் உண்டு. செருகும் முன் கையிலிருக்கும் முனையின் பித்தளைக் கம்பிகளில் 230 வோல்ட் நிற்கும் என்பது ஒரு தீமை. பெரிய தீமை வீட்டுக்கு வெளியே நிகழ்கிறது. மெயின் சுவிட்ச் அணைக்கப்படாவிட்டால் மின்சாரம் மீட்டர் வழியே பின்னோக்கித் தெருவுக்குச் செல்கிறது. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாகக் குறைப்பது. அதன் தாழ்முனையில் மின்சாரம் புகுந்தால் அதே கருவி தலைகீழாக வேலை செய்து மேல்முனையில் ஆயிரக்கணக்கான வோல்ட்டை எழுப்பும். 'லைன் கிளியர்' வாங்கிவிட்டோம், கம்பியில் மின்சாரம் இல்லை என்ற நம்பிக்கையில் ஏறியவரின் கைக்கு அது வந்து சேரும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் ஒரு வாதம் கவனத்துக்குரியது. இரண்டு கேவிஏ இயந்திரத்தால் ஒரு தெருவையே தாங்க முடியாது. அண்டை வீடுகளின் சுமை அதை நொடியில் திணறடித்து நிறுத்திவிடும். ஆகவே ஆபத்து ஏட்டளவில்தான் என்பது அந்த வாதம். பெரும்பாலான வேளைகளில் இயந்திரம் அப்படித் திணறுவது உண்மையே. ஆனால் பழுது பார்க்கிறவர் செய்யும் முதல் வேலை என்ன? பழுதான பகுதியை மற்றவற்றிலிருந்து துண்டிப்பது. கம்பத்தில் ஃபியூஸை எடுத்து, அறுந்த கம்பிக்கு இப்பாலுள்ள சில வீடுகளைத் தனியே பிரித்துவிடுவார். அந்தச் சில வீடுகளுள் ஜெனரேட்டர் வீடும் ஒன்றாயிருந்தால் அதைத் திணறடிக்கும் சுமை அங்கே இல்லை. அவருடைய பாதுகாப்புக்காகச் செய்யும் துண்டிப்பே ஜெனரேட்டரை உயிரோடு வைத்திருக்கும். வேலைக்கு முன் கம்பிகளை எர்த் செய்தாக வேண்டும் என்ற விதி உள்ளது. அதைக் கைக்கொண்டால் அவர் தப்புவார். ஆனால் மழையில், நள்ளிரவில், நான்கு இடங்களிலிருந்து அழைப்பு வந்துகொண்டிருக்கும்போது, கர்நாடகத்தில் ஜூனியர் பவர்மேன் என்று அழைக்கப்படும் அந்த இளைஞர் ஒரு படியைத் தவறவிட்டால், அந்தத் தவறுக்கான தண்டனையை ஒரு வீட்டின் பிளக் வயர் நிறைவேற்றலாகாது.

மெயினை அணைத்துவிட்டே செருகுகிறோம் என்பது மற்றொரு மறுமொழி. அது நினைவாற்றலை நம்பும் ஏற்பாடு. வீட்டுத் தலைவர் அணைத்துவிட்டு உறங்குகிறார். தெருவிளக்கு எரிவதைக் கண்ட மகனோ மருமகளோ மெயினைப் போடுகிறார்கள். இரண்டு மின்சாரங்கள் இசைவின்றி மோதுகின்றன. அப்போது எரிவது ஜெனரேட்டரின் சுருள் மட்டுமாக இருந்தால் அது நல்லூழ்.

இத்தனைக்கும் தீர்வு ஒரு சேஞ்ச்ஓவர் சுவிட்ச். மேலே தள்ளினால் அரசு மின்சாரம், கீழே தள்ளினால் ஜெனரேட்டர், நடுவில் எதுவும் இல்லை. இரண்டும் ஒன்றாய் இணைவது அதன் அமைப்பிலேயே இயலாது. ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து மாற்றும் இருமுனைச் சுவிட்ச்சாக அது இருக்க வேண்டும். மும்முனை இணைப்புள்ள வீட்டில் நான்குமுனை. ஃபேஸை மட்டும் மாற்றி நியூட்ரலைப் பொதுவாக விட்டுவிடுவது சிக்கனம்போல் தோன்றும், ஆனால் பாதி வேலை. எர்த் கம்பியையும் மறக்கலாகாது. சிறு ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் எதனோடும் பிணைக்கப்படாமல் மிதக்கிறது. அந்நிலையில், அரசு மின்சாரத்தில் கசிவு ஏற்பட்டதும் துள்ளி விழும் ஆர்.சி.சி.பி. ஜெனரேட்டரில் ஓடும்போது அசையாமல் இருக்கலாம். உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் இதைச் சரியாகப் பிணைத்துத் தருவார். இவ்வளவுக்கும் ஆகும் செலவு இயந்திரத்தின் விலையில் சிறு பங்கு.

பிறகு ஏன் எல்லா வீட்டிலும் அது இல்லை? சட்டத்தின் கண் சிறியதைக் காண்பதில்லை என்பதே காரணம். 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளிலேயே, 10 கிலோவாட்டுக்கு மேற்பட்ட ஜெனரேட்டரை மின் ஆய்வாளரின் எழுத்துமூல ஒப்புதலின்றி இயக்கக் கூடாது என்ற ஏற்பாடு இருந்தது. மத்திய மின்சார ஆணையம் 2010இலும் 2023இலும் வெளியிட்ட பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் அந்த வழியில் வந்தவை. கல்யாண மண்டபமும் மருத்துவமனையும் தொழிற்கூடமும் இவ்வாறு ஆய்வுக்குள் வந்துவிடுகின்றன. கடையில் பணம் கட்டி, ஆட்டோவில் ஏற்றி, வீட்டில் இறக்கிக் கயிற்றை இழுக்கும் இரண்டு கேவிஏ இயந்திரத்தைப் பார்க்க எவரும் வருவதில்லை.

இதன் பொருத்தமின்மை கூரைச் சூரிய மின்சாரத்தோடு ஒப்பிட்டால் விளங்கும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் மூன்று கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் வரை மானியம் கிடைக்கிறது. அதை நிறுவியவர்களுக்கு முதல் மின்தடையன்று ஓர் ஏமாற்றம் காத்திருக்கும்: உச்சி வெயிலிலும் வீடு இருண்டு கிடக்கும். அரசு மின்சாரம் நின்றதும் சூரிய இன்வெர்ட்டரும் தானே நின்றாக வேண்டும் என்பது விதி. யாருக்காக? கம்பத்தில் ஏறும் அதே மனிதருக்காக. அவர் உயிரை முன்னிட்டு ஒரு கூரை விண்ணப்பம், ஆய்வு, சிறப்பு மீட்டர் எல்லாவற்றுக்கும் உட்படுகிறது. அதே வீட்டின் சந்தில் நிற்கும் பெட்ரோல் இயந்திரம் எதற்கும் உட்படுவதில்லை. பொறியியல் நோக்கில் இவ்விரண்டுக்கும் அந்த மனிதரைப் பொறுத்தவரை வேறுபாடே கிடையாது.

2018 நவம்பரில் கஜா புயல் நாகப்பட்டினம், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தபோது ஊர்தோறும் வாடகை ஜெனரேட்டர்கள் வந்து மேல்நிலைத் தொட்டிகளை நிரப்பின. வெளி மாவட்டங்களிலிருந்து வந்த மின்பணியாளர்களும் அதே ஊர்களில் கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள். இவ்விரண்டும் ஒரே ஊரில், ஒரே வாரத்தில் நிகழ்வது விதிவிலக்கு அன்று. பேரிடரின் இயல்பே அது.

மின்கருவிகளைப் பற்றிச் சில சொற்கள் போதும். பிரிட்ஜின் ஓட்டம் 150 வாட் என்று அட்டையில் இருக்கும். கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் அது பல மடங்கு கேட்கும். சம்ப்பிலிருந்து நீர் ஏற்றும் ஒரு குதிரைத்திறன் மோட்டாரும் அவ்வாறே, ஐந்தாறு மடங்கு. ஆதலால் பெரியதை முதலில் கிளப்பி, அது நிலைப்பட்ட பின் சிறியவற்றை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். கீசர், இண்டக்ஷன் அடுப்பு, இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றுக்கு வீட்டு ஜெனரேட்டரில் இடமே இல்லை. விளக்கு மங்கினால் என்ஜினின் வேகத் திருகை முறுக்கிவிடும் பழக்கம் ஒன்று உண்டு. வேகம் ஏறினால் அலைவெண் 50ஐத் தாண்டும், வோல்ட்டேஜும் எகிறக்கூடும். சுமை குறைந்த கணத்தில் தொலைக்காட்சியின் பவர் போர்டு அதற்கு விலை கொடுக்கும்.

பிரிட்ஜுக்காகவே ஜெனரேட்டர் வாங்குவோர் ஒன்றை அறிய வேண்டும். கதவைத் திறக்காமல் விட்டால் அது நான்கு மணி நேரம் வரை குளிர்ச்சியைக் காக்கும். மைசூருவின் தடைகளில் பல அதற்குள் முடிந்துவிடுபவை. இன்சுலின் கெட்டுவிடும் என்ற அச்சமும் பல வீடுகளில் உண்டு. பயன்பாட்டிலுள்ள இன்சுலின் குப்பிகளில் பெரும்பாலானவை 30 டிகிரிக்கு மிகாத அறை வெப்பத்தில் நான்கு வாரம் வரை தாங்கும் என்பதை மருந்தின் குறிப்புத்தாளே சொல்கிறது. விளக்கு, விசிறி, வைஃபை, கைப்பேசி இவற்றுக்கு ஒரு பேட்டரி இன்வெர்ட்டர் போதும். அதற்குப் புகையும் இல்லை, அதன் உள்ளேயே மாற்றுச் சுவிட்ச்சும் இருக்கிறது. முப்பதுக்கு நாற்பது மனைக்கு உரியது அதுவே.

ஓய்வூதியர்களின் சொர்க்கம் என்று பெயர்பெற்ற இவ்வூரில் ஒரு தேவையை மட்டும் எளிதாகத் தள்ள முடியாது. வீட்டில் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டரோடு வாழும் முதியவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கருவி ஐந்து லிட்டர் அளவினதாயின் 350 வாட் அளவில் இடைவிடாது கேட்கும். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி ஒரு ஜெனரேட்டரை வாங்கி வைத்துவிட்டு நிம்மதி அடைகிறார்கள். நள்ளிரவு இரண்டு மணிக்கு அதன் கயிற்றை இழுக்கப்போவது எழுபத்தைந்து வயதுத் துணைவி என்பதை எவரும் எண்ணுவதில்லை. நுரையீரல் ஏற்கெனவே நலிந்த ஒருவரின் சன்னலுக்கு மூன்றடியில் கார்பன் மோனாக்சைடு உற்பத்தி செய்வதைக் காட்டிலும் கொடிய உபகாரம் இருக்க முடியாது. அவ்வீட்டுக்கு வேண்டியவை பெரிய பேட்டரி வைத்த இன்வெர்ட்டரும், எந்த மின்சாரமும் கேளாத ஒரு நிறை ஆக்சிஜன் சிலிண்டரும், அதைத் திறக்கப் பழகிய இருவரும்.

இட வசதியுள்ள பெரிய மனைகளிலும் பண்ணை வீடுகளிலும் கடைகளிலும் ஜெனரேட்டர்கள் தொடரும். தடைசெய்யக் கேட்பது அறிவீனம். விற்பனையின் விதியை மாற்றலாம். இருசக்கர வாகனத்தோடு தலைக்கவசத்தையும் சேர்த்தே வழங்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் உற்பத்தியாளரைக் கட்டாயப்படுத்துகின்றன. அதே முறையில், எவ்வளவு சிறிய ஜெனரேட்டரானாலும் ஒரு சேஞ்ச்ஓவர் சுவிட்ச்சும் ஒரு கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் இல்லாமல் கடையை விட்டு வெளியேறக் கூடாது என்று விதிக்கலாம். மைசூரு வட்டாரத்துக்கு மின்சாரம் வழங்கும் சாமுண்டேஸ்வரி மின் வழங்கல் கழகம் தன் மீட்டர் அளவீட்டாளர்களைக் கொண்டே எந்தெந்த வீட்டில் ஜெனரேட்டர் உள்ளது என்ற பட்டியலைச் சில மாதங்களில் திரட்டிவிட முடியும். அவர்கள் மாதந்தோறும் அந்தச் சந்துக்குள் போய் வருகிறவர்களே. 1912 என்ற எண்ணுக்குப் புகார் வந்ததும், அந்த டிரான்ஸ்ஃபார்மரின் கீழ் எத்தனை ஜெனரேட்டர்கள் உள்ளன என்ற ஒரு வரி, கம்பத்துக்குப் புறப்படும் பவர்மேனின் கைப்பேசிக்குச் சென்று சேர வேண்டும்.